சுவரைப் பார்த்து நின்றவன்

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, நான் சாகப் போகிறேன் என்று நம்பினேன். அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுக்குப் போகும் வழியில் நிற்கும் ஒரு கான்கிரீட் கட்டடம். பூச்சும் சுண்ணாம்பும் காணாத பெரிய சுவர். மேலே வெறும் வானம். சுவரின் அடியில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நிற்கிறான் என்பதுகூடச் சரியில்லை. அவன் உடம்பின் வழியாக, கான்கிரீட் வார்த்தபோது சுவரில் பதிந்த பலகைத் தடங்கள் தெரிகின்றன. ஊதுபத்திப் புகையை ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்தது போல. அந்தப் புகை நான்தான். எண்பது கிலோவைத் தாண்டிய உடம்பு. புகையாவதற்கு எந்த யோக்கியதையும் இல்லாதது.

மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் நான் கிளார்க். சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வருகிறவன். படத்தை எடுத்தவர் அதே பள்ளியின் டிராயிங் மாஸ்டர். தஞ்சாவூர்ப் பக்கம். குடும்பம் ஊரில் இருக்க, இவர் மட்டும் பள்ளிக்கு அருகில் ஓர் அறையில் தங்கியிருந்தார். மலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அருவியையும் பனியையும் படம் எடுப்பார்கள். இவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிக்கெட் கவுண்டரின் சிமெண்டுக் கூரையை எடுப்பார். அவருக்குப் பிடித்தது சிமெண்டு. பெயிண்ட் அடித்து மறைக்காத, மழை வழிந்து கறுத்த, பார்த்த உடனே யாருக்கும் பிடித்துவிடாத கட்டடங்கள். அவை நகரங்களில்தான் அதிகம் என்பதால் லீவு விட்டதும் கிளம்பிவிடுவார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொள்வார். சென்னை, கோவை, பெங்களூரு, ஒருமுறை அகமதாபாத் வரை போனோம். கவிழ்த்து வைத்த கப்பல் போல ஓர் அரங்கம், தேனடையை நிமிர்த்தி வைத்தது போல ஓர் அலுவலகம், யானைக் கால்கள்மேல் ஏறி நின்ற ஒரு நூலகம். வாட்ச்மேன்கள் எங்களை விரட்டாத ஊரே இல்லை. கோவையில் ஒருவர் ரகசியமாக என் காதில் கேட்டார்: “ஏனுங்க, இடிக்கப் போறாங்களா? சொல்லிட்டீங்கன்னா நான் வேற வேலை பாத்துக்குவேன்.”

இந்தப் பயணங்களில் எனக்கு ஒரே வேலை, சுவரடியில் நிற்பது. மாஸ்டர் முதல் நாளே விளக்கிவிட்டார். “கட்டடம் எத்தனை பெரிசுன்னு சொல்ல ஒரு மனுஷன் வேணும்யா. மூஞ்சி வேண்டாம். மூஞ்சி தெரிஞ்சா பாக்குறவன் உன்னைத்தான் பாப்பான். அந்தக் கொடுமை அவனுக்கு எதுக்கு? சொவத்தப் பாத்து நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பாத. திரும்புனா படம் போச்சு.” பள்ளிக்கூடத்தில் வாங்கிய தண்டனைகளில்கூட நான் அத்தனை நேரம் சுவரைப் பார்த்து நின்றதில்லை. பொழுது போகாமல் சுவரிடமே கதை சொல்லுவேன்; ஹெட்மாஸ்டர் போல, பஸ் கண்டக்டர் போல, என் மாமனார் போல. பின்னாலிருந்து மாஸ்டர் சிரிப்பார். ஆள் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புதான், அவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு எனக்கு அத்தாட்சி.

என் பயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்கு ஒரு சாமியைக் கூப்பிடுகிறவன் நான். மேலே போய்ச் சேர்வதற்குள் சாமிகள் தீர்ந்துபோய்ப் பழைய சாமிகளையே திரும்பக் கூப்பிடுவேன். அகமதாபாதில் லிஃப்ட் நின்றபோது நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடி ஜனம் கூடிவிட்டது. “போனது கரண்டுய்யா, உயிரில்ல” என்றார் மாஸ்டர். இன்னொரு முறை அவருக்கு லேசாகப் புரையேறியதற்கு நான் ஆம்புலன்சுக்கு போன் போட்டுவிட்டேன். வந்தவர்கள் என்னைத்தான் முதலில் படுக்கச் சொன்னார்கள்.

வாழவந்தி நாட்டு வழியில் உள்ள அந்தக் கட்டடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘பூசாத ஊடு’. யாரோ எப்போதோ தங்கும் விடுதி என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டது. முன்னால் அகலமான சிமெண்டுத் தளம். வெயிலில் நன்றாகச் சூடேறும் என்பதால் பக்கத்துத் தோட்டத்து அக்கா அங்கே பாய் விரித்து மிளகு காயப் போடுவார். எங்களைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார். “வந்துட்டாங்கப்பா சொவத்துக்குப் பொண்ணு பாக்க! ஏனுங்க, பூசுனதுக்கு அப்புறம் வந்து படம் புடிச்சா ஆகாதுங்களா? மிளகு மேல மிதிச்சுப்புடாதீங்க, சாமி.” நகரம் நகரமாகத் தேடி அலைந்தது தன் வாசலிலேயே கிடைத்ததில் மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை விட்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம்.

அந்த வருஷம் தை, மாசி மாதங்களில் எடுத்த படங்களில்தான் நான் கரையத் தொடங்கினேன். முதல் படத்தில் தலை மட்டும் கலங்கியிருந்தது. அடுத்ததில் கால்களைக் காணோம். பிறகு வந்தது, காலண்டருக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் புகை. சுவர் மட்டும் கத்தி போலத் தெளிவாக நிற்கிறது. நான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. நாமக்கல் போய் ரத்தம், சர்க்கரை, நெஞ்சு எல்லாம் பார்த்தேன். டாக்டர் எடையை மட்டும் குறைக்கச் சொன்னார். ஏற்கெனவே குறைந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மனைவியிடம் சொன்னபோது, “முழுசாக் காணாமப் போறதுக்கு முன்னாடி ரேசன் கடைக்குப் போயிட்டு வந்துருங்க” என்றாள்.

கடைசியில் மாஸ்டரிடமே கேட்டேன். அவர் சிரித்தார், சிரிப்பின் நடுவில் நிறுத்தி மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். “இதை லென்ஸ் முன்னால மாட்டினா பட்டப்பகல்லயும் கேமராவ ரொம்ப நேரம் தெறந்து வைக்கலாம். அசையாம நிக்கிறது படத்துல விழும். அசையிறது கரைஞ்சுடும். நீ என்னிக்குய்யா அசையாம நின்ன?” எதற்கு அத்தனை நேரம் திறந்து வைக்க வேண்டும் என்றேன். “மேகத்துக்குய்யா. வானத்துல இழுத்துவிட்ட பஞ்சு மாதிரி வரும்.” எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் கேட்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வரவில்லை. மாரடைப்பு. போனில் சொன்ன அவர் மகன், அப்பாவுக்கு நெஞ்சுக் கோளாறு ஏற்கெனவே இருந்ததாம், எங்களுக்கே தெரியாதே என்று அழுதான்.

அடங்கிக் கிடந்த என் முட்டாள்தனம் அப்போது வேறு வேஷத்தில் எழுந்து வந்தது. பூசாத வீடு என்னைத்தான் பலி கேட்டிருக்கிறது, நான் ஆடிக்கொண்டே நின்றதால் குறி தவறி, எனக்குப் பின்னால் நின்றவரை எடுத்துக்கொண்டது என்று தோன்றிவிட்டது. கண்ணாடி, வெளிச்சம் என்ற விளக்கமெல்லாம் பகலில் செல்லுபடியாகும். நான் போகும் பஸ் அந்தக் கட்டடம் இருக்கும் வளைவில் திரும்பும்போது செல்லாது. கண்ணை மூடிக்கொள்வேன். அதைவிட மோசம், சுவரைப் பார்த்து எங்கே நின்றாலும் பின்னால் ஓர் ஆள் இருப்பது. பேங்க் வரிசையில், ஏ.டி.எம்.மில், ஏன், கழிப்பறையில்கூட. சிரிப்புக்காகக் காது காத்திருக்கும். சிரிப்பு வராது. ஆனால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. திரும்பினால் படம் போச்சு.

போன மாசியில் அந்த இடத்தில் இறங்கினேன். தைரியம் வந்ததால் அல்ல. பள்ளியில் மாஸ்டர் எடுத்த படங்களை மாட்டப் போகிறோம், கட்டடம் எங்கே இருக்கிறதென்று எழுதித் தா என்று கேட்டிருந்தார்கள். போய்ப் பார்க்காமல் எழுத எனக்கு மனசு வரவில்லை. தளத்தில் பாய் விரித்திருந்தது. அக்கா மிளகைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“தனியா வந்திருக்கீங்க” என்றார். பிறகு, “கேள்விப்பட்டேனுங்க” என்றார்.

இந்தச் சுவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

“சொவரு என்னங்க பண்ணும்? அவருக்குத்தான் அப்பவே முடியலயே. உங்களை அங்க நிறுத்திப்போட்டு, பொட்டிய அமுக்கிவிட்டுட்டு, இதா, இந்தப் பாய்க்குப் பக்கத்துல வந்து ஒக்காந்துக்குவாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குமுங்க. தண்ணி குடுப்பேன். கொஞ்சம் தெளிஞ்சதும் எந்திரிச்சுப் போய் மறுக்கா அமுக்குவாரு. வர வர ரொம்ப நேரம் ஒக்காந்துட்டாருங்க.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுன்னுட்டாரு. ‘அவன் பொரையேறுனதுக்கே ஆம்புலன்சக் கூப்புடற ஆளு. தெரிஞ்சா ஊரைக் கூட்டி என்னைய மலைய விட்டு எறக்கிப்போடுவான். அப்புறம் எனக்குப் படம் ஏது’ன்னு சிரிச்சாரு.” அக்கா மிளகை ஒருமுறை வாரிப் பரப்பினார். “ஆனா நீங்க தெரிஞ்சுக்கிட்டேதான் திரும்பாம நிக்கிறீங்கன்னு நெனச்சேனுங்க. அவரு கூச்சப்படக் கூடாதுன்னு கதை சொல்லிக்கிட்டு நிக்கிறீங்கன்னு. நல்ல மனுசன்னு எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொன்னேன்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏறிவிட்டேன்.

இப்போது படத்தை இறக்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். மாஸ்டர் சொன்ன மேகம் வானத்தில் இல்லவே இல்லை. ஒரு கீற்றுகூட இல்லை. அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மேகம் இருந்ததாக நினைவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு என் மாமனார் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். கேமரா திறந்திருந்தது. மாஸ்டர் எனக்குப் பின்னால், மிளகுப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.