பந்தல்குடியில் முள்ளெலிகளுக்குக் கிடைத்த நல்ல தண்ணீர்

காலை ஐந்தே முக்காலுக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினோம். காரின் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் கடல்நீர், நீருக்குள் பன்னிரண்டு கடல் முள்ளெலிகள். பெயரில்தான் எலி. எலுமிச்சம்பழ அளவில் உடம்பெல்லாம் முள்ளோடு கிடக்கும் உருண்டைகள். இவற்றின் முட்டை கருவாவதை மதுரை ஆய்வுக்கூடத்தில் முதல் நொடியிலிருந்து பார்க்க வேண்டும். இந்தப் பருவத்தில் சினையோடு கிடைத்த கடைசிக் கூட்டம் இது. வழியிலேயே முட்டையை விட்டுவிட்டால் என் வேலை அடுத்த பருவத்துக்குப் போய்விடும்.

எட்டயபுரம் தாண்டியதும் இருபுறமும் கரிசல், உழுதுபோட்டு மழைக்குக் காத்திருந்தது. கடலை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவள்போல எனக்கு ஒரு பெருமை.

ஏழரை மணிக்குப் பந்தல்குடியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் முருகேசன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடை தேடிப் போனார். தொட்டியை ஒரு டீக்கடை நிழலில் வைத்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், நல்ல திடம். கடைக்காரர் பாண்டியம்மாள், பரளச்சியில் பிறந்தவர், தொட்டியைவிட்டு நகரவில்லை. கண் எங்கே, வாய் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாய் அடியில், பல் ஐந்து என்று நானும் உற்சாகமாகச் சொன்னேன். உப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

போன் வந்தது. சாலையோரம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினால், தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. பாண்டியம்மாள் கையில் காலிக் குடம்.

"நாக்குல வச்சுப் பாத்தேன் தாயி. எங்க ஊரு போரு தண்ணியவிடக் கரிக்குது. ஆடுகூட வாய் வைக்காது, இதுக எப்புடிக் கெடக்கும்? அதான் நல்ல தண்ணி ஊத்துனேன்."

தண்ணீர் வண்டியில் வரும் குடிநீர், அவர் காசு கொடுத்துப் பிடித்து வைத்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, கேனில் கைவசம் இருந்த கடல்நீர் முழுவதையும் ஊற்றினேன். போதவில்லை. அவர் கடைக் கல்லுப்பையே கரைத்துச் சேர்த்தேன். அதற்குள் ஒன்றின் உச்சியிலிருந்து பால்போல வெள்ளை கசிந்தது, இன்னொன்றிலிருந்து மஞ்சள். ஆணும் பெண்ணும் அதிர்ச்சியில் விந்து, முட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டன. இனி எது எப்போது கருவானது என்று யார் சொல்வது?

"நல்ல தண்ணி இதுகளுக்கு விஷம்க்கா" என்று சொல்லிவிட்டேன். குரலில் எரிச்சல் இருந்தது. அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பஞ்சர் ஒட்டி வர ஒன்பதாகிவிட்டது. ஆற்றாமையில் சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். முட்டைகள் கருவாகி இரண்டிரண்டாகப் பிளந்திருந்தன. ஆய்வுக்கு உதவாது, ஆனால் உயிர் இருந்தது. பாண்டியம்மாளையும் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

இனி மதுரை எதற்கு? கடலிலேயே விட்டுவிடலாம் என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன். கிளம்பும்போது பாண்டியம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இத நீ குடிக்கலாம்ல தாயி?"

கேலி இல்லை, மெய்யாகவே கேட்டார். அவர் ஊரில் யாருக்கும் இப்படிக் கேட்டுத் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார். வாங்கி, அவர் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.