நடுவில் ஒரு காலி வரிசை

முப்பத்தெட்டு வயதில் வேலைக்கான கோடிங் தேர்வு எழுத சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனேன். அதற்கு முன் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருடம் கணக்கு டீச்சர். அதை விட்டுவிட்டு ஒரு வருடமாக வீட்டிலேயே கோடிங் படித்தேன். ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் ஜூனில் மறுபடி பள்ளிக்கே போய்விடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். வாய்தான் சொன்னதே தவிர, மனசு ஒப்பவில்லை.

கூட எழுதியவர்கள் எல்லாம் நேற்று கல்லூரி முடித்த பிள்ளைகள். ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், ரஃப் பேப்பர் நீங்கதான குடுப்பீங்க?" என்றாள். எனக்கு வந்த எரிச்சலை வெளியே காட்டவில்லை.

கேள்வி இதுதான். கட்டம் கட்டமாக, நெடுக்கு வரிசைகளில் எண்கள். முதல் வரிசையில் மேலிருந்து கீழே எண்களைப் படித்துக்கொண்டே போக வேண்டும். எந்தப் பக்கம் முடிகிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே அடுத்த வரிசை தொடங்கும். காலிக் கட்டங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இதே மாதிரி ஒன்றைப் பயிற்சியில் போட்டிருந்தேன். ஒற்றைப்படை வரிசை என்றால் இறங்கு, இரட்டைப்படை என்றால் ஏறு. மளமளவென்று எழுதினேன். கம்ப்யூட்டர் அதை ஓட்டிப் பார்த்த பத்துச் சோதனைகளில் ஒன்பது பாஸ். ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது.

மூன்று முறை சரிபார்த்தேன். இருப்பதோ பத்து நிமிடம். மனப்பாடம் பண்ணாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை வறளக் கத்தியவள், விடையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து முழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சோதனையின் கட்டங்களை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாவது வரிசை முழுக்கக் காலி.

எங்கள் பள்ளி ஹாலில் இரண்டாவது வரிசைக்கு மேலே கூரை ஒழுகும். அரையாண்டுத் தேர்வு மழையில் அங்கே யாரையும் உட்கார வைக்க மாட்டோம். முதல் வரிசையில் விடைத்தாள்களை வாங்கிக்கொண்டே கடைசி பெஞ்சுக்குப் போவேன். அங்கிருந்து நேராக மூன்றாவது வரிசையின் கடைசி பெஞ்ச். மறுபடி முன்னால் ஓடிவந்து தொடங்க எனக்கென்ன பைத்தியமா?

நான் எழுதிய புரோகிராம் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. மூன்று ஒற்றைப்படையாயிற்றே, மேலே ஓடிப்போய் இறங்கியது. ஒற்றை இரட்டையைத் தூக்கிப் போட்டேன். ஒரு வரிசையில் யாராவது இருந்தால் மட்டும் திசையைத் திருப்பு என்று மாற்றினேன். பத்தும் பச்சை.

தேர்வை நடத்திய தம்பி என் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலைலேர்ந்து எல்லாரும் இந்த ஒண்ணுலதான் மாட்டிக்கிட்டாங்க மேடம். நீங்க எப்படிப் பிடிச்சீங்க?" ஹால் கதையைச் சொன்னேன்.

சாயங்காலமே வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

"என்னதான் கேட்டாங்க?"

"எக்ஸாம் ஹால்ல பேப்பர் எப்படி வாங்குவீங்கன்னு கேட்டாங்க."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வேலையை வாங்கியது ஒரு வருடம் கோடிங் படித்தவள் மட்டும் இல்லை, பன்னிரண்டு வருடம் கால் கடுக்க ஹாலில் நடந்த டீச்சரும்தான்.