ஏசுதாஸ் பூட்டிய ஃபியூஸ்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த புதிது. எங்கள் சுரங்கத்தில் ஃபியூஸ் கம்பி பூட்டும் வேலையை வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஏசுதாஸிடம் கொடுத்தார். அவனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். துரை அவனை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரியும்.

கரண்ட் மீறினால் அந்தக் கம்பி உருகி மோட்டாரைக் காப்பாற்ற வேண்டும்.

"ஏசுதாஸ் பூட்டுனது உருகாது தொரை, சோதிச்சிப் பாருங்க" என்று கோள் சொன்னேன்.

துரை பம்பு மோட்டாரின் கம்பியைக் கழற்றி, மேசைமேல் வைத்துக் கரண்டை ஏற்றினார். சரியான அளவில் பட்டென்று உருகியது. பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஏசுதாஸ் சிரித்தான். "இன்னாப்பா நீ, நல்ல கம்பிய எரிச்சிட்ட. உருக்கிப் பாத்தாதான் நல்லதுன்னு தெரியும். தெரிஞ்சப்புறம் அது எதுக்கும் ஆவாது."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நவுரு, நான் பூட்றேன்" என்றேன். அவனுடையதைவிட உறுதியாக இருக்கட்டும் என்று இரண்டு இழையை முறுக்கிப் பூட்டினேன்.

மறுநாள் பம்பு சிக்கிக்கொண்டது. கம்பி உருகவில்லை. மோட்டார் கருகியது.

துரை ஏசுதாஸைத்தான் கேட்டார். அவன் முறுக்கிய கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என் வேலைதான் தொரை" என்றான். நான் வாய் திறக்கவில்லை.

அவனைச் சுரங்கத்துக்குள் பாறை உடைக்க அனுப்பினார்கள். அவன் வேலை எனக்கு வந்தது. இப்போது துரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறேன்.