புஜத்தில் குத்திய பச்சை

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை முதல் தடவை கடலுக்குப் போய்த் திரும்பினால், அடுத்த தடவை போவதற்குள் அவன் வலது புஜத்தில் பச்சை குத்திவிடுவார்கள். அப்பன் பெயர், ஊர்ப் பெயர். தமிழில் ஒரு வரி, அதன் கீழே தெலுங்கில் ஒரு வரி. நீரோட்டம் வடக்கே இழுக்கும் மாதங்களில் எங்கள் ஆட்களின் உடல்கள் ஆந்திரக் கரையில்தான் ஒதுங்கும். முகத்தை மீன் தின்றிருக்கும். அங்கே இருப்பவர்கள் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குத்தான் இரண்டு மொழி. பழவேற்காட்டுக்கு ஏரி பார்க்க வருகிறவர்கள் இதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எரிச்சலாக வரும்.

நான் முதலில் கடலுக்குப் போனது ஒன்பதாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில். நைனாவோடு, அதாவது என் அப்பாவோடு, வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல்; வலை இழுக்கக் கை குறைந்தது. வெயில் ஏறிய பிறகு ஒரு ரோந்துப் படகு எங்களை மறித்தது. அதிலிருந்த அதிகாரிக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அடையாள அட்டை கேட்டான். நைனா அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பதறிப்போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டினார்.

"இதுல கீது சார். அப்பன் பேரு, ஊரு எல்லாம் கீது."

அந்தப் படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நைனாவைப் படகின் முன்பக்கத்தில் குந்தச் சொல்லிவிட்டு, மீனோடு கிடந்த வலையை முழுக்கக் கிளறிப் பார்க்கச் சொன்னான். என் அப்பா தலையில் வெயில் காயக் குந்திக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க நானும் இப்படிக் குந்தப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

விடுமுறை முடிந்ததும் பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் அதிகாரி ஆக வழி கேட்டேன். பிளஸ் டூ முடிக்கும்போது ஒரு பரீட்சை, தேறினால் ஐந்து நாள் நேர்முகம், அப்புறம் உடல் பரிசோதனை, எல்லாம் தாண்டினால் ராணுவ அகாதெமி. வெளியே வரும்போது அதிகாரியாக வரலாம் என்று சொன்னார். இப்போதே ஆரம்பித்தால்தான் முடியும் என்றும் சொன்னார். ஆரம்பித்தேன்.

அந்த வாரமே அம்மா பச்சை குத்துகிறவளைக் கூட்டி வந்துவிட்டாள். நான் கடலுக்கே போகப் போவதில்லை, ஆபீசராகப் போகிறேன், எனக்கு எதற்கு இது என்று முரண்டு பிடித்தேன். அம்மாவின் தம்பி பச்சை குத்திக்கொள்ளப் பயந்து ஏமாற்றிவிட்டுக் கடலுக்குப் போய், திரும்பி வராதவர். எந்தக் கரையில் யார் அவரைப் புதைத்தார்கள் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கையை நீட்டினேன். நாலு நாள் புஜம் வீங்கிக் கிடந்தது.

வீக்கம் வடிந்ததும் ஓட ஆரம்பித்தேன். விடியற்காலையில் கடலோர மணலில், சட்டையில்லாமல். கணுக்கால் புதையும் மணல் அது. அதில் ஓடிப் பழகினவனுக்குத் தார் ரோடு வெல்லம். படகு தள்ளுகிறவர்கள் என்னைக் கருவாட்டுக் கர்னல் என்று கூப்பிட்டார்கள். "இன்னா கர்னலு, சண்டைக்கு எப்பப் போற?" என்று கேட்காத வாய் கிடையாது. கேட்கட்டும் என்று ஓடினேன். சனி, ஞாயிறுகளில் பொன்னேரிக்குப் பஸ் பிடித்துப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றபடி ஆங்கிலச் சொற்களை முணுமுணுப்பேன்; கூடைக்காரம்மாக்கள் பையனுக்குக் காற்றுக் கறுப்பு அடித்துவிட்டதோ என்று பார்ப்பார்கள்.

இத்தனை வருஷமும் என் புஜம் எல்லாருடைய கண்ணிலும்தான் பட்டது. மறைத்து வைக்கவில்லை. உடற்பயிற்சி வாத்தியார் அதைத் தட்டிக்கொடுத்து, பார்த்தாலே பட்டாளத்துக்காரன் களை இருக்கிறது என்றார். பயிற்சி வகுப்பில் முக்கோணவியல் சொல்லித் தந்தார்கள், நேர்முகத்தில் எப்படி உட்காருவது என்று சொல்லித் தந்தார்கள், ஷூ நாடா கட்டுவதைக்கூடச் சொல்லித் தந்தார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

முதல் தடவை எழுத்துத் தேர்வில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. இரண்டாம் தடவை தேறினேன். பெங்களூரில் ஐந்து நாள் நேர்முகம். அதிலும் தேறினேன். என் எண்ணைக் கூப்பிட்டபோது அது என்னுடையதுதான் என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. நைனாவுக்குப் போன் போட்டேன். அவர் அழுதார். நான் கேட்ட ஒரே அழுகை அது.

உடல் பரிசோதனைக்கு எல்லாரும் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றோம். பக்கத்தில் இருந்தவன் பட்டாளத்துக்காரர் பிள்ளை. என் புஜத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். உனக்கு யாருமே சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டான். பச்சை முழங்கைக்குக் கீழே உள்பக்கம் இருந்தால் விடுவார்கள், மேலே இருந்தால் எடுக்க மாட்டார்கள். அவனுக்கு அது ஆறாம் வகுப்பிலேயே தெரியுமாம். அவர்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிற சேதி எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை.

பரிசோதித்த டாக்டரம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நான் செத்தால் எங்கே சொல்லி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். பழங்குடியினரின் வழக்கம் என்றால் விலக்கு உண்டு, நீங்கள் பழங்குடியா என்று கேட்டார். இல்லை, மீனவர் என்றேன். பிறகு தகுதியில்லை என்று எழுதினார். நல்ல பெண்மணி. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அதற்குள் பச்சையை அழிக்க வேண்டும். சென்னையில் தோல் டாக்டர் லேசரில் பல மாதம் ஆகும் என்றார். மேல்முறையீட்டுக்கு இருந்தது சில வாரம். அடுத்த தேர்வுக்கு எனக்கு வயது தாண்டிவிடும்.

வீட்டில் சொன்னேன். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என் புஜத்தைத் தொட்டாள். பிறகு சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ செத்தா தெரியணும்னு குத்துனேன். நீ பொழைக்கறதுக்கு இது ஆவாதுன்னு ஒருத்தன் சொல்லலியேடா."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவள்மேல் கோபம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இருந்தது. இருக்கிறது. என்னை அழிக்க நினைத்து யாரும் எதையும் செய்யவில்லை என்பதுதான் இன்னும் கசக்கிறது. யாரையாவது நிற்க வைத்துத் திட்டவாவது முடிந்திருக்கும்.

இப்போது நைனாவின் படகில்தான் போகிறேன். பச்சை குத்தியிருப்பதால் அம்மா பயமில்லாமல் அனுப்புகிறாள். கர்னல் என்று இன்னும் கூப்பிடுகிறார்கள்; பழக்கத்தில் கூப்பிடுகிறார்கள், கேலிகூட இல்லை. போன வாரம் ரோந்துப் படகு மறித்தது. எங்கள் படகில் இறங்கிய அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தாங்க சார்" என்றேன்.