ஷரோஃப் கடித்து வைத்த ரொட்டி

சமர்கந்தில் இருதய ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் முகத்தஸின் வீடு. ரொட்டி சுடும் யூசுபின் மூத்த மகள், எங்களுக்குப் பெரியம்மா வழியில் அத்தை முறை. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் ஆட்கள் அவளுடைய நாலு அறைகளில் தங்குவார்கள். அவர்களுக்குப் பாயும் டீயும் அவள் பொறுப்பு, அழுகையும் சேர்த்து.

ஆபரேஷனுக்குப் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார். மிச்சத்தை அவருடைய ஆட்கள் துணிப்பையில் கட்டி வந்து அவள் சமையலறை ஆணியில் மாட்டுவார்கள். பிழைத்து வந்தவர் தின்று முடிக்க வேண்டும். வராதவரின் ரொட்டியை முகத்தஸே நொறுக்கிக் குருவிகளுக்குப் போடுவாள்.

ஒன்றை மட்டும் போடவில்லை. புருஷன் ஷரோஃப் பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஆபரேஷனுக்குப் போனபோது கடித்தது; அவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கடித்த இடத்தின் நடுவில் சின்னதாக ஒரு மேடு நிற்கும். அது தொங்கும்வரை அவன் வழியில்தான் இருக்கிறான் என்று அவளுக்கு எண்ணம். தெருக்கதவு சும்மா முனகினாலே அடுப்பை விட்டு எழுந்துவிடுவாள். முழங்காலால் நெம்பித் தூக்கினால்தான் அந்தக் கதவு திறக்கும். அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த வித்தை. மற்றவர்கள் கத்திக் கூப்பிடுவார்கள்.

நவ்ரூஸ் பண்டிகைக்காக வெள்ளையடித்தபோது பைகளை இறக்கித் துவைத்து, திரும்ப மாட்டினாள். அங்கேதான் கை பிசகிவிட்டது.

மூன்றாம் நாள், உர்குத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஓய்தின், ஆபரேஷன் முடிந்த அண்ணன் ஷோத்மோனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அவன் அந்த வீட்டுக்குள் வருவது அதுவே முதல் தடவை. முகத்தஸ் கதவைத் திறந்துவிட்டு, முற்றத்துக் குழாயில் டீக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். கெண்டியோடு சமையலறைக்குத் திரும்பும்போது, தங்கச்சி ஆணியிலிருந்து இறக்கிக் கொடுத்த ரொட்டியை அவன் தின்றுகொண்டிருந்தான்.

"ஏ புள்ள, இது ரொட்டியா செங்கல்லா? நான் ஒரு மாசந்தான படுத்துக் கெடந்தேன்?"

"தண்ணியில முக்கித் தின்னுண்ணே. நெஞ்சைக் கிழிச்சப்போ அழல, ரொட்டிக்கு அழுவுறாரு பாரு!"

தட்டில் கடைசித் துண்டு. கடித்த இடத்தில் அந்த மேடு.

முகத்தஸின் கை அதைப் பிடுங்க நீண்டது. அப்போதுதான் ஜன்னலோரம் ஷரோஃபின் ஆணியில் தொங்கிய பை கண்ணில் பட்டது. அதில் இருப்பது இவனுடையது. அதைத் தின்னாவிட்டால் இவனும் வழியிலேயே நின்றுவிடுவான், ஷரோஃபைப் போல. ஓய்தினுக்கும் ஒரு ஆணிதான் மிஞ்சும்.

கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பையை இறக்கிப் பிரித்து அவன் முன் வைத்தாள்.

"இதையும் சாப்பிடு தம்பி. இதும் உன்னுதுதான்."

"ரெண்டா? நான் ஒண்ணுதானேக்கா கடிச்சேன்!"

"மருந்து மயக்கத்துல உனக்கு என்ன தெரியும்? பேசாம சாப்பிடு."

கடைசித் துண்டையும் அவன் வாயில் போட்டுக்கொண்டான். அது அவன் தொண்டைக்குள் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் ரொட்டியையும் தின்று முடித்தான்.

புறப்படும்போது ஷோத்மோன்தான் முன்னால் போனான். கதவைத் திறந்துவிட முகத்தஸ் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவன் முழங்காலைக் கொடுத்து நெம்பித் தூக்கினான். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

"எதைக்கா?"

அவள் தெருவில் இறங்கினாள். சந்து திரும்பும் மட்டும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷரோஃபின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவில்லை.

மறுநாள் வந்த ஒரு குடும்பம் ரொட்டி மாட்ட இடம் கேட்டது. ஜன்னலோர ஆணியைக் காட்டினாள்.