வரிப்போரில் நான் ஜெயித்த பட்டிமன்றம்

அமெரிக்கா எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி போட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன், என் கொழுந்தன் மனைவி அதைப் பற்றி மைக்கில் பேசும்வரை.

நாங்கள் இருவரும் பினாங்கில், பாயான் லெப்பாசில் ஒரே சிப் தொழிற்சாலையில் வேலை செய்தோம். வரிச் சண்டையில் எந்த நாடு எப்போது மாட்டும் என்று தெரியாத பயத்தில், முதலாளிகள் வியட்நாமிலும் ஒரு கிளை திறந்தார்கள். அங்கே போய்ப் புது ஆட்களைப் பழக்க ஒருவர் வேண்டும். மேனேஜர் முதலில் என்னைத்தான் கேட்டார். திங்கட்கிழமை பதில் சொல்லச் சொன்னார். போக எனக்குக் கொள்ளை ஆசை. வீட்டுக்காரரும் சரியென்றுவிட்டார். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இடையில் ஞாயிறன்று, கெலுகோரில் எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா. பட்டிமன்றத் தலைப்பு, ‘உலக வரிப்போரில் பினாங்குத் தொழிற்சாலைகள் நிற்குமா, ஓடுமா?’ சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘நிற்கும்’ விழுந்தது, அவளுக்கு ‘ஓடும்’.

பேசினாள் பாருங்கள்! கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை.

“மொதலாளிக்கு என்னாங்க ஊர்ப்பாசம்? வரி கம்மியா உள்ள எடத்துக்கு மெஷின தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்லா!”

மண்டபம் அதிர்ந்தது. என் மாமியார் விசில் அடிக்காத குறைதான். எனக்கு வயிறு எரிந்தது. வருஷா வருஷம் அந்தக் கைதட்டல் என்னுடையது. அவளைக் கையைப் பிடித்து முதன்முதலில் மேடையேற்றியதே நான்தான்!

என் முறை வந்தது. துறைமுகம், பொறியாளர்கள், இத்தனை காலத் தொழில் அனுபவம் என்று அடுக்கினேன். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வடை இருக்கிற பக்கம் போனார்கள். பொறுக்கவில்லை எனக்கு.

“என்னையே வியட்நாமுக்குக் கூப்புட்டாங்க. போவ மாட்டேன்! மெஷின் போவலாம், இந்தக் கை போவாது!”

சனம் எழுந்து நின்றுவிட்டது. நடுவர் ‘நிற்கும்’ என்றே தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பொன்னாடை. அவள் முகம் சுருங்கியிருக்கும் என்று ஆவலாகத் திரும்பினேன். அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னாம்மா இப்படிச் சொல்லிட்ட?” என்றார் வீட்டுக்காரர், காரில்.

“சும்மா ஒரு பேச்சுக்குத்தானே,” என்றேன்.

வீடு வந்து சேர்வதற்குள் யாரோ கைப்பேசியில் எடுத்த என் பேச்சு வீடியோ சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து தொழிற்சாலைத் தமிழர்கள் குழுவுக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை கேன்டீனில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். “நம்ம ஊர விட்டுக்குடுக்கலையே அக்கா!” என்றாள் ஒருத்தி, கண் கலங்கி. அதற்குமேல் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ‘போகிறேன்’ என்பது? மேனேஜரிடம் போகவில்லை என்றேன். மத்தியானம் கொழுந்தன் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். உடனே தலையாட்டிவிட்டாள்.

இப்போது தினமும் வியட்நாமிலிருந்து கூப்பிடுகிறாள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது, அதை எப்படிக் காட்டுவது என்று சந்தேகம் கேட்கிறாள். திரையில் அவளுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், தனி அறை. நான் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன். சொல்லாவிட்டால், பொறாமை என்பார்கள்.