கொழுப்பு வைக்காத ஈயக்குண்டு

மக்களே, பதுளைக் கடைவீதியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்தான் நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வாப்பா ஐந்து வருஷம் பாய்த்தோணியில் குடியிருந்தவன். அதைப் பற்றி நான் அதிகம் பேசாததற்குக் காரணம் உண்டு.

1. குண்டு போடும் வேலை

தோணி சேகு காக்காவுடையது. அதை நடத்தும் தண்டலும் அவர்தான். கொழும்பில் அரிசி ஏற்றி, காலி, அம்பாந்தோட்டை என்று கரையை ஒட்டியே மட்டக்களப்பு வரை போவோம். படுக்கை மூட்டை மேல். சமையல், மண் நிரப்பிய பெட்டியில் மூட்டிய அடுப்பில். காக்காவுக்கு ஊரில் வீடு கிடையாது, தோணிதான் வீடு.

என் வேலை ஈயக்குண்டு போடுவது. கயிற்றில் கட்டிய குண்டைக் கடலில் இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று சொல்ல வேண்டும்; இரு கை விரித்த நீளம் ஒரு பாகம். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஆட்டுக்கொழுப்பை அப்பி இறக்கினால் கடலடியில் உள்ளது ஒட்டிக்கொண்டு வரும். மணல் வந்தால் நங்கூரம் போடலாம். ஒன்றும் ஒட்டாமல் கொழுப்பில் தழும்பு மட்டும் பட்டிருந்தால் பாறை. எங்கள் நங்கூரத்துக்குத் தென்னங்கயிறு. பாறை அதை அறுத்துவிடும்.

முதல் நாள் கொழுப்புச் சிரட்டையைக் கையில் கொடுத்து காக்கா சொன்னார்: "இது குண்டுக்குச் சோறு, தம்பி. ஒனக்கு இல்ல. மணத்துல மயங்கிடாத."

2. பொத்துவிலுக்குத் தெற்கே

ஐந்தாம் வருஷம். கருவாட்டுக் குழம்பே தின்று நாக்குச் செத்திருந்தது. சமையல்கார மம்மது, "கொஞ்சம் கொழுப்புக் குடு மச்சான், பருப்பத் தாளிச்சுத் தாரேன்" என்றான். சிரட்டையை வழித்தே கொடுத்தேன். விஷயம் தெரியாத காக்காவும் ருசித்துத் தின்று, "மம்மதுக்கு இன்னைக்குத்தான்டா கை வந்திருக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் பகலில் காற்று விழுந்து பாய் தொய்ந்தது; நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். காக்கா சுக்கானிலிருந்து கத்தினார்.

"குண்டப் போடு! எத்தன?"

"ஏழு பாகம், காக்கா."

"அடி என்ன?"

வெறும் குழியைப் பார்த்தேன். கொழுப்பு இல்லை என்றால் எங்கே போனது என்று கேட்பார். போன தடவை அந்தப் பக்கம் மணல் வந்ததாக ஞாபகம்.

"மணல்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன், காக்கா."

நங்கூரம் போட்டோம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்காற்று எழும்பியது. தோணி ஆட ஆடக் கயிறு பாறையில் தேய்ந்து அறுந்தது. பாய் விரிப்பதற்குள் கல்லில் ஏறி அடி பிளந்துவிட்டது. எல்லாரும் நீந்திக் கரை சேர்ந்தோம்.

காக்கா ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தார். "பழங்கயிறு. மாத்தணும் மாத்தணும்னு இருந்தேன். என் சோம்பல்தான்டா என்னய வீடில்லாம ஆக்கிருச்சு" என்றார். மம்மது என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

3. இப்போது

பிறகு அவர் வேறொருவர் தோணியில் கூலிக்குப் பாய் இழுத்தார் என்று கேள்விப்பட்டேன். கண்மூடி மௌத்தாகும்வரை தன்னைத்தான் நொந்துகொண்டாராம். கடல் முகம் பார்க்க முடியாமல் நான் மலைக்கு வந்துவிட்டேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கடைக்கு வந்து, "இந்த மூட்ட எப்படிங்க பாய்?" என்று கேட்பார். "இன்னும் பாக்கலங்க. பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்பேன்.

"கடைக்காரரே பாக்கலேங்கறீங்க, நல்ல யாவாரம்!" என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

நீங்களும் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். "பாக்கல, காக்கா" என்று அன்று நான் சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், தோணி மிதந்திருக்கும். கரையிலாவது சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை வைதுவிட்டு, தன்னை மன்னித்திருப்பார்.